விட்டதா, மாற்றியதா?

கடனை அடைப்பது வேறு. கடனை மாற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டிக்காரனிடம் பட்ட கடனை, சொந்தக்காரர் ஒருவரிடம் கைமாற்று வாங்கித் தீர்த்தவன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறான். தூங்குவதற்கு அவனுக்கு நியாயமுண்டு. நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்த பாரம் வளராமல் நின்றுவிட்டது. ஆனால் பேரேட்டைத் திறந்து பார்த்தால், கடன் பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கிறதே தவிர, பக்கம் காலியாகவில்லை. இவன் கடனிலிருந்து மீண்டவனா, மீளாதவனா? மீண்டுவிட்டான் என்றாலும் முழு உண்மை ஆகாது. ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் முழு உண்மை ஆகாது.

இதே கேள்வி இன்று நம் கடைத்தெருக்களில் வேறொரு உருவில் நடமாடுகிறது. இருபது, முப்பது வருஷங்களாகச் சிகரெட்டுக் குடித்தவர்கள் பலர் அதை வைத்துவிட்டு, ‘வேப்’ என்னும் மின்குழலைக் கையில் எடுத்திருக்கிறார்கள். “நான் சிகரெட்டை விட்டுவிட்டேன்” என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். “எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?” என்று பழமொழியையும் எடுத்து வீசுகிறார்கள். யார் பக்கம் நியாயம்? மாற்றிக்கொண்டவன் மெய்யாகவே எதையேனும் சாதித்தானா? சாதித்தான் என்றால், அதை அவனே எதைக்கொண்டு அறிந்துகொள்வது?

இவ்விரண்டு கேள்விகளைப் பற்றி எனக்குப் பட்டதைச் சகோதரர்கள் முன் வைக்கிறேன். நான் ஆலிமும் அல்லன், டாக்டரும் அல்லன். மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கல்லாவில் வந்து உட்கார்ந்தவன். ஆகவே கணக்கு எழுதுகிறவனுடைய பாஷையிலேயே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மார்க்கத் தீர்ப்பு என்ன என்பது இங்கே விவாதம் அன்று. மலேசியாவில் தேசிய ஃபத்வாக் குழு 1995-ல் சிகரெட்டு ஹராம் என்றும், 2015 டிசம்பரில் வேப்பும் ஹராம் என்றும் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அதில் கூட்டவும் குறைக்கவும் என்னைப் போன்றவனுக்கு இடமில்லை. என் கேள்வி அதற்கு அப்பால் உள்ளது. இரண்டுமே கூடாதவை என்று ஒப்புக்கொண்ட பிறகும், கனத்த தீங்கிலிருந்து இலேசான தீங்குக்கு இறங்கி வந்த மனிதனை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவிலா, பற்றிலா?

எரியும் கொள்ளியும் எரியாத கொள்ளியும்

பழமொழி பெரியவர்கள் வாக்கு. ஆயினும் இந்த இடத்தில் அது பொருந்தவில்லை. ஏனென்றால் சிகரெட்டு எரிகிறது, மின்குழல் எரிவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

புகையிலை நெருப்பில் எரியும்போது 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் புகையோடு கிளம்புகின்றன. அவற்றுள் சுமார் 70 பொருள்கள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ‘தார்’ என்னும் கரிப்பிசின் நுரையீரலில் படிகிறது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாடிக்கைக்காரர் உட்கார வேண்டிய நாற்காலியை, வாங்காமல் ஊர்க்கதை பேச வந்தவன் பிடித்துக்கொள்வதைப் போல. மனிதனைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் புகைதான். அவனைக் கட்டிப்போட்டு வைப்பதோ நிகோடின் என்னும் வேறொரு பொருள். நிகோடினுக்காகக் குடிக்கிறான்; புகையினால் சாகிறான். கட்டுவது ஒன்று, கொல்வது மற்றொன்று.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் மின்குழல். இன்று நாம் காணும் குழலுக்கு மூலமானதை 2003-ல் சீனாவில் ஹோன் லிக் என்னும் மருந்தாளர் உருவாக்கினார். அவர் தாமே கடுமையாகப் புகைத்தவர். அவருடைய தந்தையும் புகைத்தவர், நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். குழலுக்குள் ஒரு கம்பிச்சுருள் மின்சாரத்தால் சூடாகி, நிகோடினும் வாசனையும் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. நெருப்பில்லை, சாம்பலில்லை, தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டில் வருவதுபோல் வருவதில்லை. 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டோடு ஒப்பிட இதன் தீங்கு சுமார் 95 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண் உத்தேசமானதேயன்றி அளந்து கண்டதன்று என்று மறுத்த டாக்டர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படியானாலும், புகைப்பவன் முற்றாக மாறிக்கொண்டால் அவன் உடம்பில் ஏறும் நஞ்சு வெகுவாகக் குறைகிறது என்பது பல சோதனைகளில் கண்ட விஷயம்.

ஆனால் ‘குறைவு’ என்ற சொல்லை ‘இல்லை’ என்று வாசிக்கக் கூடாது. மாதம் நூறு வெள்ளி நஷ்டம் வந்த கடையில் இப்போது ஐந்து வெள்ளிதான் நஷ்டம் என்றால், முதலாளி சந்தோஷப்படலாம். இலாபக் கடை என்று பெயர்ப்பலகை மாட்டலாகாது. நிகோடின் இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றத்தான் செய்கிறது. கட்டிப்போடும் வேலையையும் முன்போலவே செய்கிறது.

ஹோன் லிக் பிற்காலத்துப் பேட்டிகளில், தாம் சிகரெட்டை அறவே விட்டுவிடவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. குழலைச் செய்தவருக்கே குழல் மட்டும் போதவில்லை என்றால், மாற்றம் பலிப்பது கருவியின் சாமர்த்தியத்தால் மட்டும் அன்று என்பது விளங்குகிறதல்லவா? கருவி வழியைத் திறந்துவிடுகிறது. நடக்க வேண்டியவன் மனிதன்.

இரண்டு முறை கழுவுதல்

இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஓர் உதாரணம் என் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 505-ல், அதாவது 1111-ல் மறைந்த அவர்கள், இஹ்யாவில் நஃப்ஸைப் பயிற்றுவதைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இதைப் பேசுகிறார்கள். ஒரு கெட்ட குணத்தை ஒரேயடியாக விட முடியாத சீடனை, குருவானவர் அதைவிட இலேசான இன்னொரு குணத்துக்கு மாற்றிவிடலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்குக் காட்டிய உதாரணம் கேட்பவரைத் திடுக்கிட வைப்பது. துணியில் பட்ட இரத்தக் கறை தண்ணீரில் போகவில்லை என்றால், ஒருவன் அதைச் சிறுநீரால் கழுவி, பிறகு அந்தச் சிறுநீரைத் தண்ணீரால் கழுவுவதைப் போன்றது அது என்கிறார்கள்.

இந்தச் சிறு உதாரணத்துக்குள் நம் கேள்விக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன.

முதலாவது: தண்ணீரால் போகாத கறைக்குத்தான் அந்த வைத்தியம். நேரே தண்ணீரில் போகக்கூடிய கறையை யாரும் அப்படிக் கழுவமாட்டார்கள். ஆகவே ஒரே மூச்சில் சிகரெட்டை எறிந்துவிடக் கூடியவனுக்கு மின்குழல் தேவையே இல்லை. பல தடவை எறிந்து, பல தடவை குனிந்து எடுத்தவனுக்குத்தான் இந்தப் பேச்சு.

இரண்டாவது: முதற் கழுவல் வீண் வேலை அன்று. துணி இன்னும் அசுத்தம்தான். ஆனால் போகாத கறை போகக்கூடிய கறையாக மாறிவிட்டது. பார்த்துச் சிரிக்கிறவன் துணியின் நாற்றத்தை மட்டும் அறிகிறான். உள்ளே நடந்த மாறுதலை அறிவதில்லை.

மூன்றாவது: இரண்டாவது கழுவல் மிச்சம் இருக்கிறது. முதல் தடவை கழுவியதோடு துணியைக் கொடியில் உலர்த்திவிட்டு, “வெளுத்தாயிற்று” என்பவன் அந்த உதாரணத்தின் பாதியைத்தான் கேட்டவன். கறையே இல்லாத புதுத் துணியைக் கொண்டுபோய் அந்த அசுத்தத்தில் தோய்ப்பவனைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

பலித்ததை அறிவது எப்படி?

இது நிற்க. மாற்றம் மெய்யாகவே பலித்தது என்பதை ஒருவன் எப்படி அறிந்துகொள்வான்? இங்கேதான் நான் கேட்டறிந்த ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடை வரிசையில் ஜவுளி வியாபாரம் செய்யும் காக்கா ஒருவர் இருக்கிறார். நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் முப்பது வருஷம் புகைத்தவர். ஒவ்வொரு நோன்பு மாதமும் விடுவார். ஒவ்வொரு பெருநாள் இரவும் மறுபடி ஆரம்பித்துவிடுவார். சில வருஷங்களுக்கு முன் மின்குழலுக்கு மாறினார். ஒருநாள் தேத்தண்ணீர் குடிக்கும்போது, “என்ன காக்கா, சிகரெட்டை விட்டே விட்டீங்களா?” என்று கேட்டேன்.

“தம்பி, நானும் ரொம்ப நாளா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமத்தான் இருந்தேன். குடிக்கலே, அது நெசம். ஆனா விட்டேன்னு சொல்ற தைரியம் வரலே. அண்ணைக்கு ஸ்டாக் எடுத்த ராத்திரிதான் தெரிஞ்சுது” என்றார்.

சரக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த இரவில் குழலின் மின்சாரம் தீர்ந்துவிட்டது. சார்ஜ் ஒயரைக் காணவில்லை. ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து அரை மணி நேரம் தேடினார். பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் பாதி சிகரெட்டுகளோடு ஒரு பாக்கெட்டும், அதன் மேலேயே ஒரு லைட்டரும் இருந்தன. இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மேலும் தேடினார். ஒயர் கிடைத்தது. குழலைச் செருகிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், தன் கையில் தட்டுப்பட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது.

“தடுத்து நிறுத்தினேன்னு நெனைக்காதீங்க தம்பி. தடுக்கிறதுக்கு ஆசை வந்தால்ல தடுக்கணும்? அது ஏதோ பழைய ரசீது மாதிரித்தான் கண்ணுல பட்டுச்சு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஆனா அந்த ஒயரைத் தேடின வேகம் இருக்கே, அதையும் சொல்லத்தான் வேணும்” என்றார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். ஒரே நிகழ்ச்சி இரண்டு சாட்சி சொல்கிறது. லைட்டரை ஓரமாகத் தள்ளிய கை, சிகரெட்டிலிருந்து அவர் விடுபட்டதற்குச் சாட்சி. இழுப்பறைகளைக் கலைத்த கை, கட்டு இன்னும் அறுபடவில்லை என்பதற்குச் சாட்சி. முதற் சாட்சியை மட்டும் ஏற்பவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறான். இரண்டாவதை மட்டும் ஏற்பவன் அவருக்கு அநியாயம் செய்கிறான். நீதியாகக் கணக்கு எழுதுகிறவன் இரண்டையும் எழுதுவான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. விட்ட நாளுக்குத் தேதி உண்டு. விடுபட்ட நாளுக்குத் தேதி இல்லை. கடைசிச் சிகரெட்டு எந்தக் கிழமை என்பதை அநேகர் சொல்வார்கள். கடைசி ஆசை எந்தக் கிழமை வந்து போனது என்பதை யார் சொல்ல முடியும்? காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் ஏறியது தெரியும்; இறங்கிய நேரம் தெரியாது. விடிந்து பசியெடுத்த பிறகுதான், இராத்திரி எப்போதோ இறங்கிவிட்டது என்று அறிகிறான். பழக்கம் கழன்று போவதும் அப்படியே. “இன்னும் ஆசை இருக்கிறதா?” என்று தினந்தோறும் தொட்டுப் பார்ப்பவன் தினந்தோறும் அதை நினைத்துக்கொள்கிறான். வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது பின்னாலிருந்து வந்து தெரிவதுதான் இந்த உண்மை.

சரக்கைக் காவல் காப்பவன் ஒருவன். காவலே வேண்டாதபடி சரக்கை விற்றுவிட்டவன் ஒருவன். இருவர் கடையிலும் அன்றிரவு திருட்டுப் போகவில்லை. ஆனால் இருவருடைய தூக்கமும் ஒன்றாகுமா? ஆசையோடு மல்லுக்கட்டி நிற்பவனைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கொள்ளலாகாது. அவன் மறுத்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு நன்மையாக எழுதப்படும் என்று நம்புகிறோம். கஷ்டப்பட்டு மறுத்தவனுக்குக் கூலி அதிகமாகவும் இருக்கலாம். ஆயினும் ‘பலித்தது’ என்ற சொல் மல்லுக்கட்டு ஓய்ந்த பிறகே பொருந்தும்.

எனக்குத் தெரிந்தவரை, பலித்ததா என்பதற்கு மூன்று உரைகற்கள் உண்டு.

ஒன்று: கணக்கில் ஒரு சிகரெட்டும் மிச்சம் இருக்கக் கூடாது. “முன்பு இருபது, இப்போது குழலோடு சேர்த்து ஒன்றோ இரண்டோதான்” என்பவர்கள் உண்டு. வியாபாரக் கணக்குப்படி இருபதில் பத்தொன்பது போனால் 95 சதவீதம் தள்ளுபடி. உடம்பின் கணக்கு அப்படி அன்று. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட்டுக் குடிப்பவனுக்கும் இருதய நோயின் அதிகப்படி ஆபத்து, இருபது குடிப்பவனுக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-ல் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டு எழுதினார்கள். ஆகவே இரண்டு தோணியில் கால் வைப்பவனுக்கு மாற்றம் இன்னும் நடக்கவேயில்லை.

இரண்டு: புதியது கைக்கு எட்டாத வேளையில் மனம் எதைத் தேடுகிறது என்பது. குழல் கையில் இருக்கும்போது சிகரெட்டை நினைக்காதது பெரிதன்று. இரண்டும் இல்லாத நேரமே பரீட்சை. நோன்பு மாதம் இதற்கு நல்ல தராசு. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் இரண்டும் இல்லை. மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உள்ளே போன பிறகு, பின்சந்தில் யாரோ பற்றவைத்த புகை மூக்கில் படுகிறதே, அப்போது கால்கள் அந்தப் பக்கம் திரும்புகின்றனவா, விலகுகின்றனவா?

மூன்று: கெட்ட நாளில் என்ன நடக்கிறது என்பது. வியாபாரம் நன்றாக நடக்கும் நாளில் எல்லாரும் பொறுமைசாலிகள். கடன்காரன் கம்பி நீட்டிய நாளில், கூட்டாளியோடு வாய்ச்சண்டை வந்த நாளில், ஊரிலிருந்து மவுத்துச் செய்தி வந்த இரவில் கை எங்கே போகிறது? ஒரு துக்கத்தையும் ஒரு கோபத்தையும் கடந்து வந்த மாற்றமே முற்றிய மாற்றம்.

மீதியுள்ள நிலுவை

இவ்வளவும் தேறியவனை நாம் மனமாரப் பாராட்டலாம். ஆனால் கணக்கை முடித்துவிடலாமா?

2019-ல் வெளியான ஓர் இங்கிலாந்துச் சோதனையின் முடிவை இங்கே சொல்வது தகும். சிகரெட்டை விட விரும்பிய 886 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மின்குழலும் மற்றவர்களுக்கு நிகோடின் ஒட்டுத்தாள், மெல்லும் பசை போன்றவையும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, மூச்சுக் காற்றைச் சோதித்துப் பார்த்தபோது, குழல் பிரிவில் நூற்றுக்கு 18 பேரும், மற்றதில் நூற்றுக்கு சுமார் 10 பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். குழல் பலிக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. நூற்றில் 82 பேருக்குப் பலிக்கவில்லை என்பதையும் அதே சாட்சி சொல்கிறது. இன்னொரு கணக்கும் அதில் உண்டு. அப்படி வென்றவர்களுள், ஒட்டுத்தாள் பிரிவில் நூற்றுக்கு 9 பேர்தான் அவற்றை இன்னும் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். குழல் பிரிவிலோ நூற்றுக்கு 80 பேர் கையில் குழல் அப்படியே இருந்தது.

முதற் கழுவல் நன்றாக நடக்கிறது. இரண்டாவது கழுவல்தான் நடக்காமல் நிற்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம் அன்றோ?

நிலுவையை முன்கொண்டு செல்வது வியாபாரத்தில் சகஜம். ஆனால் நிலுவையை நிலுவை என்று எழுத வேண்டும். சிகரெட்டின் முழுக் கெடுதலையும் உலகம் கணக்கிட்டு அறியப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மின்குழல் பிறந்ததோ இந்த நூற்றாண்டில். ஐம்பது வருஷம் இதை இழுத்தவன் உலகில் ஒருவனும் இல்லை. ஆகவே இதன் கடைசிப் பக்கத்தை யாரும் இன்னும் வாசிக்கவில்லை.

திரவத்துக்குள் எதைக் கலக்கிறார்கள் என்ற பயமும் வீணானதன்று. 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,800-க்கு மேற்பட்டவர்கள் நுரையீரல் பழுதுற்று ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலும், கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளத் திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெயே அதற்குக் காரணம் என்று கண்டார்கள். இந்தப் பக்கத்திலும் மயக்க மருந்து கலந்த திரவங்கள் பிடிபட்டதைப் பத்திரிகைகளில் பார்த்தோம். எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்தைக் குழல்களில் கலந்து விற்றதன் காரணமாக, சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

சட்டத்தையும் நம்மவர்கள் மறக்கலாகாது. சிங்கப்பூரில் 2018 பெப்ருவரி 1 முதல் குழலைச் சட்டைப்பையில் வைத்திருப்பதே குற்றம். சரக்கு வாங்க ஜொகூர் பாலத்தைக் கடக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மலேசியாவில் 852-ஆம் எண் சட்டம் 2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட்டோ குழலோ விற்கக் கூடாது. பாலத்தின் நடுவில் தூக்கி எறியவேண்டிய ஒரு பொருள் இல்லாமல் ஒருவனால் ஒருநாள் பொழுதைக் கழிக்க முடியவில்லை என்றால், அவன் எஜமானன் யார் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. சிகரெட்டு என்னும் கொடிய எஜமானனிடமிருந்து சாந்தமான எஜமானனிடம் வந்து சேர்ந்த அடிமை, நல்லதோர் இடம் கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் விடுதலைச் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை.

நாம் செய்யத்தக்கது

இப்போது சிரிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சர் ரிச்சர்ட் டால் என்னும் பேர்பெற்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும், 1951-ல் தொடங்கி இங்கிலாந்து டாக்டர்களையே ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் சிகரெட்டை விட்டவருக்குச் சுமார் 3 வருஷ ஆயுளும், 50-ல் விட்டவருக்கு 6 வருஷமும், 40-ல் விட்டவருக்கு 9 வருஷமும் மிச்சமாகின்றன என்பது அவர்கள் கண்ட கணக்கு. அவர்கள் சிகரெட்டை விட்டு வெறுங்கையோடு இருந்தவர்கள். குழல்காரருக்கு அதே எண்ணை நான் எழுதித்தரவில்லை. ஆனால் பந்தயத்தில் இருப்பது எவ்வளவு பெரிய தொகை என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறி மாறிக்கொண்டிருக்கும்போது, “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று நாம் விளையாட்டாகச் சொன்ன சொல்லைக் கேட்டு அவர் மறுபடி சிகரெட்டைப் பற்றவைத்தால், நம் ஒரு சிரிப்பின் விலை என்ன? பிள்ளைகளுக்குத் தகப்பன் சில வருஷம் முன்னதாகப் போய்விடுவதாகக்கூட இருக்கலாம்.

இரண்டும் ஒன்றுதான் என்பது உண்மையும் அன்று, நன்மையும் அன்று. அப்படிச் சொல்லாமல், “நல்ல காரியம் செய்தீர்கள். மீதியையும் செய்யுங்கள்” என்று சொல்லிப் பழகுவோம். முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் மனம் ஒடியும். இரண்டாவது இல்லாமல் முதலாவதைச் சொன்னால் மனம் சோம்பும்.

மாறிக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாவது கழுவலுக்கு ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தில் நிகோடின் அளவைப் படிப்படியாக இறக்குவதற்கு வழி இருக்கிறது. கடையில், காரில், படுக்கையில் என்று எங்கும் இழுக்கும் வழக்கத்தை முதலில் ஓர் இடத்தோடு நிறுத்தலாம். ஆனால் அவசரத்தில் சிகரெட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. அது அடைத்த வட்டிக் கடனை மறுபடி வாங்குவதாகும். அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விடுவிக்க உதவுகிறார்கள். குழல் பழக்கத்துக்கும் ஆலோசனை கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு? பேர்பெற்ற சிகரெட்டு பாக்கெட் ஒன்று 17 வெள்ளிக்கு மேல் விற்கிறது. நாளுக்கு ஒரு பாக்கெட் என்றால் வருஷத்துக்கு 6,205 வெள்ளிக்குக் குறையாது. அவ்வளவு பணத்தை வெட்கமில்லாமல் கொளுத்தியபோது யாரும் நம்மைக் கேட்கவில்லையே.

கடைக்காரர்களாகிய நமக்குத்தான் கடைசி வார்த்தை. ஒரே படிக்கட்டில் மேலேயிருந்து வருபவனுக்கு நடுப்படி இறக்கம்; கீழேயிருந்து வருபவனுக்கு அதே படி ஏற்றம். முப்பது வருஷம் புகைத்தவர் கையில் இருக்கும் குழல், அவரைப் பெருந்தீங்கிலிருந்து இறக்கிக் கொண்டுவருகிறது. மாம்பழ வாசனைக்காகவும் தோழர்களுக்காகவும் வாங்க வரும் பள்ளிக்கூடப் பையன் கையில் அதே குழல், அவன் ஒருபோதும் ஏறியிராத படியில் அவனை ஏற்றிவிடுகிறது. பொருள் ஒன்று, விலை ஒன்று. செய்யும் வேலை நேர்மாறு. எனவே, “பெரியவருக்கு நல்லதென்றால் பிள்ளைக்கும் நல்லதுதானே” என்ற வாதம் செல்லாது. சட்டம் 18 என்று ஓர் எல்லை போட்டிருக்கிறது. கல்லாவில் இருப்பவன் கண்ணுக்கு அதற்கு மேலும் ஓர் எல்லை தெரிய வேண்டும். வருபவன் இறங்குகிறானா, ஏறுகிறானா என்பதே அது.

சகோதரர்களே! வருஷ முடிவில் ஐந்தொகை போடும்போது நாம் என்ன செய்கிறோம்? வந்ததை வந்தது என்றும், வரவேண்டியதை வரவேண்டியது என்றும் எழுதுகிறோம். வராததை வந்ததாக எழுதுபவன் தன் கடையையே ஏமாற்றுகிறான். வந்ததை எழுதாமல் விடுபவன் தன் உழைப்பையே ஏமாற்றுகிறான். சிகரெட்டிலிருந்து குழலுக்கு வந்தவர் தம் பேரேட்டில், “புகை: தீர்ந்தது” என்று தைரியமாக எழுதட்டும்; அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லட்டும். அதன் கீழேயே, “கட்டு: நிலுவை” என்றும் எழுதட்டும். இரண்டு வரிகளும் இருந்தால்தான் அந்தக் கணக்கு நேர்.

நிலுவை உள்ளவர்கள் நிலுவையைத் தீர்க்கவும், தீர்த்தவர்கள் பிறரைப் பார்த்துச் சிரிக்காமல் கை கொடுக்கவும் வல்ல இறைவன் நம் எல்லாருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.